நான்கு விரற்கடை உயர்ந்த புளோக்

அடுக்குமாடிக் குடியிருப்பான புளோக் நூற்றுப் பதினேழு தரையைவிட்டு நான்கு விரற்கடை உயர்ந்தது ஒரு புதன்கிழமை காலை, ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்த வேளையில். அதை முதலில் கண்டுகொண்டது மனிதர் யாருமில்லை, கீழ்த்தளத்துப் பூனை. தினமும் போலத் தூணோரம் படுக்க வந்த பூனை, கட்டடத்துக்கும் புல்லுக்கும் நடுவே குளுகுளுவென்று புதிதாக ஓர் இடம் இருப்பதைப் பார்த்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. இரண்டாவதாகக் கண்டுகொண்டவர் இரண்டாம் மாடிச் சீனர் அங்கிள் கோ. கூண்டுப் புறாவை மடியில் வைத்துக்கொண்டு மூன்று சக்கர மின்வண்டியில் வந்தவர், தளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு கூட்டுகிற ஆளைக் கூப்பிட்டு ஒரு பலகை கேட்டார். பலகை வந்தது. வண்டி இறங்கிப் போனது. அன்று மதியத்துக்குள் எல்லா மாடிக்காரர்களும் அந்தப் பலகையில் இறங்கிப் பழகிவிட்டார்கள்.

புளோக் ஏன் உயர்ந்தது என்று ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். நான்காம் மாடி தையல்நாயகிக்கு. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவளுடைய வலது கையைப் பற்றியும் அவள் கணவருடைய பீரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கையை முதலில் சொல்லிவிடலாம். நான்காம் மாடியில் பதினொரு வீடு. பதினொரு வீட்டிலும் அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே குழாய்த் தண்ணீர், அதே உப்பு, ஆனால் மற்றவர்கள் கரைத்த மாவு கோபித்துக்கொண்டு படுத்தவள் மாதிரி அடியிலேயே கிடக்கும், நாயகி கைவிட்டுக் கரைத்த மாவு ஆறு மணி நேரத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். அதனால் சனிக்கிழமை மாலையானால் அரைத்த மாவைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வந்து, "கையை மட்டும் விட்டுக் குடுங்கக்கா" என்று வாசலில் நிற்பார்கள். அடுத்த வீட்டு மலாய்க்காரி ரொஹானியும் அப்பம் பாலிக் என்கிற மடிப்பு அப்பம் சுடுகிற மாவைக் கொண்டுவந்து அந்த வரிசையில் நிற்பாள். ரப்பர்த் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், தமிழிலேயே வம்பு பேசுவாள். நாயகி அவளைக் 'கக்' என்பாள், மலாயில் அக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கை கத்தரிக்காயைக் கீழே போட்டது. மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அமுக்கிப் பழகச் சொல்லி அவர்கள் கொடுத்த ரப்பர்ப் பந்தை நாயகி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் போட்டு மூடினாள். பாத்திரங்கள் வந்தபோது "கை சரியில்ல" என்றாள். மூன்று சனிக்கிழமை வந்தார்கள், நான்காவது சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதன்பிறகு அவள் வீட்டிலேயே பாக்கெட் மாவுதான்.

இனி பீர். அவள் கணவர் அமிர்தகடேசன் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கிரேன் ஓட்டியவர். கப்பலையும் கடலையும் காலுக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பழகிய மனிதர் ஓய்வு பெற்றுத் தரைக்கு வந்ததும், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடினார். மீன் வளர்த்தார், மீன் செத்தது. ரேடியோ பிரித்தார், ரேடியோ சேரவில்லை. ஒருநாள் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சுகிற வீடியோவைப் பார்த்தார். அதோடு நிமிர்ந்து உட்கார்ந்தவர்தான். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. "விக்கக் கூடாது, குடிக்கலாம், குடுக்கலாம். இதைவிட நல்ல சட்டம் எங்கே இருக்கு நாயகி?" என்றார்.

முளைகட்டிக் காயவைத்த பார்லி ஒரு மூட்டை வந்தது. ஹாப்ஸ் என்று கசப்புப் பூ ஒரு பை வந்தது. ஈஸ்ட் பொட்டலங்கள் வந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வந்தது. அதன் மூடியில் வளைந்த சிறு குழாய் ஒன்று, அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கிற காற்று அந்தத் தண்ணீரை முட்டிக்கொண்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது கிருமிநாசினி. பீரைக் கெடுப்பது கிருமி, கிருமி குடியிருப்பது கையில் என்று படித்துவிட்டு, கடேசன் தொட்டியைத் துடைத்தார், கரண்டியைத் துடைத்தார், துடைத்த துணியைத் துடைத்தார். அடுப்புக்கு மேலே 'கை படக் கூடாது' என்று எழுதி ஒட்டினார்.

நான்கு தடவை காய்ச்சினார். நான்கு தடவையும் அந்தக் குழாய் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னைக்காவது வாயத் தொறந்துச்சா?" என்பாள் நாயகி.

"நேரம் எடுக்கும்."

"ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு துடைக்க மாட்டாங்க. பயந்துபோய்க் கெடக்கு அது."

"அது பயப்படாது. அது ஈஸ்ட்."

"உசிரு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. உசிரு இருந்தா பயம் இருக்கும்."

ஐந்தாம் தடவை காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட் போட்டு மூடிய திங்கட்கிழமை மதியம், கிருமிநாசினி தீர்ந்துவிட்டதென்று அவர் கடைக்குப் போனார். நாயகி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஒரு பாத்திரத்தில் கரைத்த தானியம் கிடக்கிறது, புளிக்க மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறந்தாள். வெல்லம் கொதிக்கிற மாதிரி ஒரு வாசம் வந்தது. பள்ளிக்கூடம் போக மாட்டேனென்கிற பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல, இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டு, வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று கலக்கினாள். கலக்கியதெல்லாம் இடது கைதான். ஆனால் கடைசிச் சுற்றில் வலது கை விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. கையை எடுத்துத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மூடியை முன்போலவே மூடிவிட்டு, டிவி பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் குழாய் 'குளுக்' என்றது.

"நாயகி, கேட்டியா, கேட்டியா" என்று கடேசன் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்று ஆடினார். ஏழு மூச்சுக்கு ஒரு குளுக். ஒவ்வொரு குளுக்குக்கும் அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுங்கின. செவ்வாய்க்கிழமை, பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே மாவு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தது. ரொஹானி வீட்டு மாவு மூடியைத் தள்ளிவிட்டுத் தரைக்கு வந்தது. ஏழாம் மாடியில் ஒரு தலையணை உப்பியது. புதன்கிழமை புளோக்கே உயர்ந்தது.

நகரமன்ற அலுவலகத்திலிருந்து ஜெயசீலன் என்று ஓர் இளைஞர் அளவுநாடாவோடு வந்தார். நான்கு பக்கமும் அளந்தார், சமமாகத்தான் உயர்ந்திருக்கிறது என்று திருப்தியாகக் குறித்துக்கொண்டார், விளிம்பில் மஞ்சள் கோடு போடச் சொன்னார், பலகைக்கு ஒரு கைப்பிடி வைத்தார். தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் பரோட்டா மாவு போல இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுத்தன. அவற்றுக்கும் நன்றி எழுதிக்கொண்டார். புளோக் ஒரு சாண் ஆனது, இரண்டு சாண் ஆனது. தபால்காரர் குதித்து ஏறக் கற்றுக்கொண்டார். ஆறாம் மாடிக் கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு விளிம்பிலிருந்து குதிக்க, மாப்பிள்ளை கீழே நின்று பிடித்தான். அன்றிலிருந்து புளோக் நூற்றுப் பதினேழில் கல்யாணமென்றால் அது ஒரு சடங்கு, பிடிக்கத் தெரியாத மாப்பிள்ளைக்கு ஒத்திகை உண்டு. எல்லா மாடிக்கும் காற்று நன்றாக வந்தது. மூட்டுவலி குறைந்ததாகச் சிலர் சொன்னார்கள். இட்லி பஞ்சானது, ரொட்டி பஞ்சானது, பேச்சும் கொஞ்சம் பஞ்சானது. மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ஒன்பதாம் மாடி அண்ணன் தம்பி, பலகையில் எதிரெதிரே வந்து யார் வழிவிடுவது என்று பேச ஆரம்பித்துச் சாப்பிடப் போனார்கள். பக்கத்து நூற்றுப் பதினெட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல்களிலிருந்து அண்ணாந்து பார்த்து, "எங்க புளோக்கு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்று மனு எழுதினார்கள்.

கடேசனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு விளக்குவார். "சூடு இருபத்திரெண்டு டிகிரி. ஈரத்துண்டு, மேசைமின்விசிறி. ஆனா ரகசியம் அதில்ல. ரகசியம் சுத்தம். கை படவே கூடாது."

நாயகி இடது கையால் தேநீர்த் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே உள்ளுக்குள் சிரிப்பாள். முதலில் அவள் சொல்லாமலிருந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். இரண்டு வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்த முதல் வேடிக்கை அது. அப்புறம் வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. சொன்னால் பாத்திரங்கள் வரும். கையை வெளியே எடுக்க வேண்டும். எல்லோரும் பார்க்க விட்டு, மறுநாள் மாவு அடியிலேயே கிடந்தால்? ஒருவேளை அது உண்மையிலேயே ஈஸ்ட்டும் இருபத்திரெண்டு டிகிரியுமாக இருந்தால்? இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத கையோடு ஒருத்தி காலம் தள்ளிவிடலாம். போய்விட்டது என்று ஊரே கூடித் தெரிந்துகொண்ட கையை எந்தத் தலைப்புக்குள் மறைப்பது?

மூன்றாம் வாரம் புளோக் இரண்டு முழத்தைத் தொட்ட காலையில் கடேசன் சமையலறை ஜன்னலிலிருந்து அவளைக் கூப்பிட்டார். எதிரே பதினெட்டு வருஷமாக மறைத்துக்கொண்டிருந்த வாகன நிறுத்தக் கட்டடத்தின் தலைக்கு மேலே, விரல் தடிமனுக்கு ஒரு நீலக் கோடு தெரிந்தது. கடல். கடலுக்கு முன்னால் நான்கு கிரேன்கள்.

"மூணாவது என்னோடது" என்றார். "யாரோ புதுப் பையன் ஓட்டுறான். ரொம்ப வேகமாத் திருப்புறான் பாரு." அன்றிலிருந்து காலைத் தேநீர் ஜன்னலில்தான். கிரேன் நன்றாகத் திரும்பினால் தலையாட்டுவார், முரட்டுத்தனமாகத் திரும்பினால் 'ச்ச்' என்பார். அவர் முகம் கிரேன் அறையில் உட்கார்ந்திருந்த முகமாகவே ஆகிவிட்டது.

ஆனால் புளித்த மாவுக்கு நிறுத்தத் தெரியாது. பலகை நீண்டது, செங்குத்தானது. அங்கிள் கோவின் வண்டியைப் பிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒரு நாள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வண்டி இறங்கியது, கூண்டு புல்லில் உருண்டது, புறா உள்ளேயே இருந்துகொண்டு எல்லோரையும் திட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அங்கிள் கோ அதன்பிறகு கீழே இறங்கவில்லை. மாடி நடைபாதையில் கூண்டை மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார்.

ஜெயசீலன் ஒரு கடிதத்தோடு வந்தார். ரொஹானி கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட முடியாமல் கையில் வைத்துக்கொண்டே படித்தார். இரண்டு முழத்துக்கு மேல் உயர்ந்த கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்க விதியில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரிகள் வரும். எங்கெங்கே காலி வீடு இருக்கிறதோ அங்கங்கே அனுப்புவார்கள்: அங்கிள் கோ வடக்கே, ரொஹானி கிழக்கே, கடேசன் குடும்பம் மேற்கே.

"எவ்வளவு நாளைக்கு?" என்றார் கடேசன்.

"இறங்கற வரைக்கும் சார்."

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் சொந்தபந்தங்களை அழைத்தார்கள், பாரம் ஏறினால் இறங்கும் என்று. அரிசி மூட்டைகளோடும் தண்ணீர்ப் பீப்பாய்களோடும் இருநூறு பேர் வந்தார்கள். உடம்பு பருத்த மாமாக்களுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக முதல் மரியாதை கிடைத்தது. நடுத்தூண் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் புளோக் இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தது. கடேசன் தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கினார், குழாய் குளுக் என்றது. தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து ஊற்றிவிடப் பார்த்தார், கெட்டி நுரை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு வரவில்லை.

"நான்தான் எல்லாரையும் கிளப்பிவிட்டுட்டேன்" என்று அவர் மோடாவில் உட்கார்ந்தார். "கிரேன்ல நாப்பது டன் தூக்குவேன் நாயகி. தூக்கினா எறக்கவும் தெரியும். இது எறக்கத் தெரியாம தூக்கிட்டேன்."

நாயகி வாயைத் திறந்தாள். அப்போது ரொஹானி வந்தாள், இடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு.

"இத நீயே வச்சுக்க."

"எதுக்கு கக்? உங்க மாவுப் பாத்திரம்."

"அங்கே கிழக்கே யாரு இருக்கா கையை விட? ரெண்டு வருஷமா தினம் ஈஸ்ட் போட்டுத்தான் கரைக்கறேன், நாக்குக்கே புடிக்கல. நீ ஒரு நாள் கூப்புடுவேன்னு கழுவிக் கழுவி வச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ கூப்புடற மாதிரி தெரியல. பாத்திரமாவது ஒன்கிட்ட இருக்கட்டும்."

பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீட்டில் ஒரு பழக்கம் உண்டு: மாவு பொங்கி வழியப் பார்த்தால் கண்டவர்கள் கரண்டி போடக் கூடாது, கரைத்த கையே அமுக்க வேண்டும், மற்ற கைக்கு அது அடங்காது.

சனிக்கிழமை பத்து மணிக்கு லாரிகள் வந்து வாலைக் காட்டிக்கொண்டு நின்றன. நடைபாதையெல்லாம் அட்டைப்பெட்டிகள். கடேசன் தொட்டியைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார்.

"மூடியத் தொறங்க" என்றாள் நாயகி.

"தொறக்கக் கூடாது. காத்துப் பட்டா கெட்டுடும்."

"அதெல்லாம் எப்பவோ பட்டாச்சு. அன்னைக்கு நீங்க கடைக்குப் போயிருந்தப்ப நான் கைய விட்டுக் கலக்கினேன்."

கடேசன் துண்டை விட்டார். "கையையா?"

"கையத்தான்."

"எந்தக் கையை?"

அவள் தலைப்பை ஒதுக்கினாள். இரண்டு வருஷமாக வெயில் படாத கை, பக்கத்துக் கையைவிட வெளுத்து, மெலிந்து, விரல்கள் எதையோ பிடிக்கப் போய் மறந்துவிட்டதுபோல மடங்கியிருந்தன. வாசலில் ரொஹானி நின்றாள். அவளுக்குப் பின்னால் அங்கிள் கோவும் ஜெயசீலனும் ஒன்பதாம் மாடி அண்ணன் தம்பியும் நின்றார்கள். கடேசன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார்.

"சோப்பு போட்டியா?" என்றார்.

அவள் தொட்டியைக் கண்ணால் காட்டினாள். அவர் மூடியைத் திறந்தார். நுரை தும்பைப்பூக் குவியல் மாதிரி எழுந்தது. நாயகி இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டாள். வெதுவெதுவென்று, மூச்சுவிடுகிற ஏதோ ஒன்றின் வயிற்றைத் தொட்டதுபோலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. குழாய்கூடச் சும்மா இருந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கேட்டது. இதற்குத்தானே பயந்தேன், இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள்; நினைத்தபடியே, மாவின் முன்னால் நிற்கிற பெண்ணின் பழக்கத்தில், இடது கையை எடுத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வலது கை தொட்டிக்குள் தனியாக இருந்தது. தனியாக விடப்பட்ட அந்தக் கை, கொஞ்சம் யோசித்தது. பிறகு மோதிர விரல் அசைந்தது. அதைப் பார்த்து நடுவிரல் அசைந்தது. பிறகு கை மெல்ல, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல, இடமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

புளோக் நூற்றுப் பதினேழு பெருமூச்சு விட்டது. தம்ளர்கள் கிணுங்கின. நுரை ஒரு விரற்கடை அமுங்க, கட்டடம் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு சுற்று. இன்னொரு விரற்கடை. கீழே லாரி ஓட்டிகள் எட்டி விலகினார்கள், பூனை கடைசியாக ஒருமுறை சோம்பல் முறித்துவிட்டு வெளியே வந்தது. ரொஹானி தன் மொழியில் இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டே நாயகியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். "தாங்க வேணாம் கக், அதுவே போகுது" என்றாள் நாயகி.

கடேசன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தற்செயலாக ஜன்னலைப் பார்த்தார். நீலக் கோடு மெலிந்துகொண்டிருந்தது. நான்கு கிரேன்களும் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இடுப்பளவு, மார்பளவு இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் சொல்லாதது கேட்கும். நாயகி கையை நிறுத்தினாள்.

"போதுமா?" என்றாள், சோறு போடுகிறவள் கேட்பது மாதிரி.

அவர் ஜன்னலருகே போய், குதிகாலை உயர்த்திப் பார்த்தார். மூன்றாவது கிரேனின் உச்சி மட்டும் தெரிந்தது. "கொஞ்சம் விட்டு வை" என்றார்.

ஜெயசீலன் ஓடிப்போய் அளந்துவிட்டு வந்தார். நான்கு விரற்கடை. நான்கு விரற்கடைக்குத் தடைசொல்ல எந்த விதியும் இல்லை என்று எழுதிக்கொண்டு, லாரிகளைத் திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் அந்த புளோக்கில் ஏறும்போது வெளியாட்கள் கால் தடுக்குவார்கள். உள்ளவர்கள் பேச்சை நிறுத்தாமலே காலை உயர்த்திவைப்பார்கள்.

அன்று மதியம் அடிக் குழாய் தானாகத் திறந்துகொண்டது. பொன்னிறத்தில் வந்த பீரை நடைபாதையில் ஆளுக்கொரு தம்ளர் ஊற்றினார்கள். கொஞ்சம் புளிப்பு, பின்னாலேயே ஒரு தோசை வாசம். அங்கிள் கோ இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, இதற்குச் சட்னி கிடையாதா என்று விசாரித்தார். பீர் குடிக்காத ரொஹானி தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், அரை மணியில் மாவோடு திரும்பி வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை மின்தூக்கி வரைக்கும் போனது. நாயகி ஒவ்வொரு பாத்திரமாகக் கைவிட்டாள். ஐந்தாவது பாத்திரத்தில் கட்டைவிரலும் வந்து சேர்ந்துகொண்டது.

கடேசன் குறிப்பேட்டை எடுத்து, இருபத்திரெண்டு டிகிரியை அடித்தார். ஈஸ்ட்டின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தையல்நாயகி, வலது கை' என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் கையெல்லாம் மாவோடு குனிந்து படித்தாள்.

"சோப்பு போடலைன்னும் எழுதிடுங்க" என்றாள்.